கழிவுநீர் ஆராய்ச்சிக்கு வர நினைக்கிறீர்களா? ஒரு வாளியில் தொடங்குங்கள்

பயோடெக் முடித்துவிட்டு, "சுற்றுச்சூழல் பக்கம் போகலாம்னு இருக்கேன், என்ன படிக்கணும்?" என்று கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஏதாவது ஒரு எஸ்டிபிக்குள், அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள், காலடி வைத்திருக்கிறீர்களா? பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். பிசிஆர் செய்திருப்பார்கள், ஜெல் ஓட்டியிருப்பார்கள். ஆனால் தங்கள் ஊர்ச் சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது என்று தெரியாது. தப்பில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு தொழிற்சாலையின் ஈடிபி ஆய்வகத்தில் கெமிஸ்டாகச் சேர்ந்து, அங்கிருந்து ஆராய்ச்சிக்கு வந்தவன் நான். திரும்பிப் பார்த்தால், படித்த வரிசை தலைகீழாக இருந்திருக்கிறது. அதை நேராக்கித் தரத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சொற்கள். வீட்டுக் கழிவுநீரைச் சுத்தம் செய்வது எஸ்டிபி. தொழிற்சாலைக் கழிவுநீருக்கு ஈடிபி. பல தொழிற்சாலைகள் சேர்ந்து ஒன்று வைத்துக்கொண்டால் அது சிஇடிபி. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்கும் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பட்டறைகளுக்கும் இருப்பவை இந்த வகை. மூன்றிலும் உண்மையான வேலைக்காரர்கள் பாக்டீரியாக்கள்தான். நாம் செய்வது அவற்றுக்குக் காற்று கொடுப்பது, தீனியைச் சரிபார்ப்பது, இடையில் விஷம் வந்து விழாமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான். இதில் "அவ்வளவுதான்" என்று சொன்னேனே, அதற்குள்தான் மொத்தத் துறையும் இருக்கிறது.

வேலை இருக்கிறதா என்று அப்பா அம்மா கேட்பார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் வெளியிட்ட கணக்கைக் காட்டுங்கள். இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு உருவாகும் கழிவுநீர் 72,368 மில்லியன் லிட்டர். சுத்தம் செய்யக் கட்டிவைத்திருக்கும் வசதி 31,841 மில்லியன் லிட்டருக்கு. உண்மையில் சுத்தமாகி வெளியே போவது 20,236. கடைசி இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். கட்டியாகிவிட்டது, முழுதாக ஓடவில்லை. கட்டுவதற்கு சிவில் என்ஜினீயர் போதும். ஒழுங்காக ஓட வேண்டுமென்றால் தொட்டிக்குள் இருக்கும் உயிர்களைத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். உங்களுக்கு இடம் அங்கேதான்.

முதல் படி: உள்ளே போய்ப் பாருங்கள்

உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே ஒரு எஸ்டிபி இருக்கலாம். கல்லூரி விடுதியில் இருக்கலாம். பெரிய மருத்துவமனைகளில் நிச்சயம் இருக்கும். துறைத்தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போய் அனுமதி கேளுங்கள். கேட்டவுடன் கிடைக்காது, இரண்டு மூன்று இடம் அலைய வேண்டியிருக்கும்.

உள்ளே போனதும் பொறுப்பாளரைவிட ஆபரேட்டரிடம் பேசுங்கள். அவர் காற்று ஊதும் ஏரேஷன் தொட்டியின் ஓரத்தில் நின்று, "இன்னைக்கு நுரை வெள்ளையா இருக்கு, லோடு ஜாஸ்தி" என்பார். நுரை வெள்ளையாக, சோப்பு போலப் பொங்கினால் ஸ்லட்ஜ், அதாவது பாக்டீரியாக்கள் திரண்ட கசடு, இன்னும் இளசு, அல்லது தீனி அதிகம் என்று பொருள். பழுப்பாக, கெட்டியாக, ஏடு படிந்ததுபோல் இருந்தால் வேறு கதை; நோகார்டியா வகை இழைப் பாக்டீரியாக்கள் பெருகியிருக்கலாம். ஆபரேட்டருக்கு அந்தப் பெயர் தெரியாது, ஆனால் நோய் தெரியும். மூக்கையும் பழக்குங்கள். நன்றாக ஓடும் ஏரேஷன் தொட்டியில் மழை பெய்த மண் வாசனை வரும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை.

அழுகிய முட்டை நாற்றம் என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. குறைவாக இருக்கும்போதுதான் நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாது, அப்போதுதான் ஆளைக் கொல்லும். மூடிய தொட்டி, கிணறு, மேன்ஹோல் எதிலும் எந்தக் காரணத்துக்காகவும் இறங்காதீர்கள். யாராவது உள்ளே மயங்கி விழுந்தால் காப்பாற்றுகிறேன் என்று பின்னால் குதிக்காதீர்கள். நம் ஊரில் ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் சாவது இப்படித்தான். டெட்டனஸ், டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, பி தடுப்பூசிகள் போட்டுக்கொண்ட பிறகே மாதிரி எடுக்கும் வேலைக்குப் போங்கள்.

இரண்டாம் படி: நான்கு சோதனைகள், கையால்

பிஎச், சிஓடி, பிஓடி, எம்எல்எஸ்எஸ். இந்த நான்கையும் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகுங்கள். எம்எல்எஸ்எஸ் என்பது தொட்டி நீரில் ஒரு லிட்டருக்கு எவ்வளவு ஸ்லட்ஜ் இருக்கிறது என்பதன் அளவு. பிஓடி என்பது நுண்ணுயிர்கள் தின்னக்கூடிய அழுக்கு எவ்வளவு என்பதன் அளவு. சிஓடி, டைக்ரோமேட்டும் கந்தக அமிலமும் சேர்த்துக் கொதிக்கவைத்து எரிக்கக்கூடிய அழுக்கு எல்லாவற்றின் அளவு. வீட்டுக் கழிவுநீரில் பிஓடி, சிஓடியில் பாதியளவு இருக்கும். சாயக் கழிவில் அந்த விகிதம் நன்றாகக் கீழே இறங்கிவிடும். பாக்டீரியாவால் சாப்பிட முடியாத சரக்கு அதிகம் என்பதைத்தான் அந்த ஒற்றை விகிதம் சொல்கிறது. பழைய பாடநூல்களில் பிஓடிக்கு 20 டிகிரியில் 5 நாள் என்று இருக்கும். நம் நாட்டுத் தரமுறையில் 27 டிகிரியில் 3 நாள். நேர்முகத் தேர்வில் விழும் கேள்வி இது.

சிஓடியில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஈடிபியின் வெளியேறும் நீரில் சிஓடி திடீரென லிட்டருக்கு 700 மில்லிகிராமுக்கு மேல் வர ஆரம்பித்தது. மூன்று வாரம் ஆபரேட்டரைத் திட்டித் தீர்த்தோம். காற்று ஊதும் புளோயரைக் கழற்றிப் பார்த்தோம். கடைசியில் பார்த்தால் தப்பு என் பிப்பெட்டில். அந்தத் தண்ணீரில் உப்பு ஏறியிருந்தது, குளோரைடு லிட்டருக்கு 2,000 மில்லிகிராமுக்கு மேல். டைக்ரோமேட் குளோரைடையும் சேர்த்து ஆக்சிகரணம் செய்துவிடும். ஒரு மில்லிகிராம் குளோரைடுக்கு 0.226 மில்லிகிராம் பொய் சிஓடி. 2,000-க்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 450. குளோரைடைப் பிடித்துவைக்கத்தான் மெர்குரிக் சல்ஃபேட் சேர்க்கிறோம். நான் வழக்கமான சிட்டிகையையே போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று வாரத் தரவும் குப்பைக்குப் போனது. ஆபரேட்டரிடம் மன்னிப்புக் கேட்டேன், அவர் டீ வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து எந்த எண்ணைப் பார்த்தாலும், "இது தண்ணீர் சொல்வதா, சோதனை சொல்வதா?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது பழக்கமாகிவிட்டது. இன்னொன்று: அந்தச் சோதனை முடிந்த திரவத்தில் பாதரசமும் குரோமியமும் இருக்கிறது. சிங்க்கில் ஊற்றாதீர்கள். சுற்றுச்சூழல் ஆய்வகங்களிலேயே இதை ஊற்றுகிறார்கள் என்பதைப் பார்த்தால் வயிறு எரியும்.

மூன்றாம் படி: உங்கள் சொந்த வாளி

இந்தத் துறையின் பிறப்பே குப்பியில்தான். 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் கழிவுநீரைப் பாட்டிலில் எடுத்துக் காற்று ஊதினார்கள். முதல் தடவை தண்ணீர் முழுதாகச் சுத்தமாக வாரக்கணக்கில் ஆனது. தெளிந்த நீரை மட்டும் ஊற்றிவிட்டு, அடியில் படிந்த கசடை வைத்துக்கொண்டு புதுக் கழிவுநீர் நிரப்பினார்கள். அடுத்த தடவை சீக்கிரம் முடிந்தது. இப்படியே கசடைச் சேர்த்துக்கொண்டே போக, ஒரு நாளுக்குள் வேலை முடிந்தது. அதற்கு முன்பு எல்லோரும் தூக்கிப்போட்ட கசடுதான் மருந்து என்று அன்று தெரிந்தது. இன்று உலகம் முழுக்க ஓடும் ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் முறை அதுதான்.

அதையே நீங்களும் செய்யலாம். செலவு சில நூறு ரூபாய். 5 லிட்டர் ததும்பாமல் பிடிக்கும் பிளாஸ்டிக் வாளி ஒன்று, மீன்தொட்டிக் காற்று பம்ப் ஒன்று, காற்றுக் கல் இரண்டு. பழகிய எஸ்டிபி ஆபரேட்டரிடம் கேட்டு ஏரேஷன் தொட்டியிலிருந்து 5 லிட்டர் ஸ்லட்ஜ் வாங்கிக்கொள்ளுங்கள். கையுறை கட்டாயம். சமையலறை வேண்டாம், கல்லூரி ஆய்வகத்தின் ஒரு மூலை போதும்.

(இடையில் ஒரு பேச்சு: புது ஈடிபி தொடங்கும்போது நம் ஊரில் சாணியைக் கரைத்து ஊற்றி, வெல்லம், யூரியா, டிஏபி போடுவார்கள். வேலை செய்யாமல் இல்லை, ஆனால் மெதுவாக. மாட்டின் வயிற்றில் இருப்பவை பெரும்பாலும் காற்றில்லாத இடத்துக்குப் பழகியவை. ஓடும் ஆலையிலிருந்து ஒரு லாரி ஸ்லட்ஜ் கொண்டுவந்து கொட்டினால் பல நாள் மிச்சம். டப்பாவில் விற்கும் 'பயோ கல்ச்சர்' பவுடர்களைப் பற்றி என் அபிப்பிராயம் அச்சில் வரத்தக்கதல்ல.)

தினமும் செய்ய வேண்டியது: பம்ப் ஓடும்போதே, கலங்கிய நிலையில் அரை லிட்டரை எடுத்துத் தனியே வையுங்கள். பிறகு பம்பை நிறுத்துங்கள், ஸ்லட்ஜ் படியட்டும். மேலே தெளிந்த நீரில் ஒன்றரை லிட்டரை டியூப் வைத்து உறிஞ்சி எடுங்கள். பம்பை மறுபடி போடுங்கள். இப்போது இரண்டு லிட்டர் இடம் காலி. குளோரின் போக ஒரு இரவு வைத்திருந்த குழாய்த் தண்ணீரில் 3 கிராம் வெல்லம், ஒரு சிட்டிகை யூரியா, அதில் பாதி டிஏபி, கொஞ்சம் சமையல் சோடா கரைத்து நிரப்புங்கள். பிஓடி 100 பங்குக்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 என்பது இந்தத் துறையின் பழைய சமையல் குறிப்பு. முதல் வாரம் ஸ்லட்ஜ் கொஞ்சம் மெலியும், பதற வேண்டாம். எடுத்து வைத்த ஸ்லட்ஜைக் கண்ட இடத்தில் கொட்டாமல் ப்ளீச்சிங் பவுடர் கலந்து வைத்திருந்து கழிப்பறையில் ஊற்றுங்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 2 லிட்டர் வெளியே போகிறது, ஆக தண்ணீர் இந்த வாளியில் தங்குவது இரண்டரை நாள். ஆனால் ஸ்லட்ஜ் போவது நாளுக்கு அரை லிட்டரில் மட்டும், ஆக நுண்ணுயிர் தங்குவது சுமார் 10 நாள். தண்ணீரின் வயதையும் ஸ்லட்ஜின் வயதையும் பிரித்தெடுத்ததுதான் அந்த 1914 குப்பி வித்தையின் சூட்சுமம். எடுக்கும் அரை லிட்டரை ஒரு லிட்டராக்கிப் பாருங்கள். ஸ்லட்ஜ் வயது 5 நாளாகிவிடும். அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் மெதுவாக வளர்பவை. பிள்ளை பெறுவதற்குள் வாளியை விட்டு வெளியேற்றப்பட்டால் குடும்பம் அழியும். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் அம்மோனியா சோதனைக் கிட்டை வைத்தே, சில நாளில் அம்மோனியா ஏறுகிறதா என்று பார்த்துவிடலாம். குளிர்ந்த ஊரில் இது சட்டென்று தெரியும். நம் வெயிலில் அவை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் இது இப்படி உறைக்காது.

கூடவே எஸ்வி30 எடுங்கள். கலங்கிய நீரை ஒரு லிட்டர் அளவுக் குழாயில் ஊற்றி 30 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஸ்லட்ஜ் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள். பார்த்த பிறகு வாளியிலேயே திரும்ப ஊற்றிவிடலாம். 300 மில்லியில் நின்று, எம்எல்எஸ்எஸ் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் என்றால், ஒரு கிராம் ஸ்லட்ஜ் பிடிக்கும் இடம் 100 மில்லி. இதற்கு எஸ்விஐ என்று பெயர். 150-ஐத் தாண்டினால் ஸ்லட்ஜ் உப்புகிறது, இழைப் பாக்டீரியாக்கள் ஆட்டம் போடுகின்றன. குழாயை இன்னும் ஒரு மணி நேரம் அப்படியே விட்டால், படிந்த ஸ்லட்ஜ் சில நாள் ஆப்பம் போலக் கட்டியாக மேலே மிதக்கும். பயப்படாதீர்கள். காற்று தீர்ந்ததும் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கும் வேலை நடக்கிறது, அந்தக் குமிழிகள்தான் தூக்குகின்றன.

ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் 100 மடங்கில் பாருங்கள். பழுப்புப் பஞ்சுத் துணுக்குகளின் ஓரத்தில், மெல்லிய காம்பின் நுனியில் கவிழ்த்த மணி போல ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். கண்ணாடியை லேசாகத் தட்டினால் காம்பு ஸ்பிரிங் போலச் சுருண்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். வோர்டிசெல்லா. அது இருந்தால் உங்கள் வாளி நலம். என்னைப் பொறுத்தவரை இதைப் பார்த்து, "அட!" என்று சொல்லாதவர் இந்தத் துறைக்கு வரவேண்டியதில்லை.

நான்காம் படி: கேள்வியைத் தேர்ந்தெடுப்பது

நம் கல்லூரிகளில் வருடா வருடம் வரும் புராஜெக்ட் ஒன்று உண்டு. சாயப்பட்டறை மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, நியூட்ரியண்ட் பிராத் என்ற சத்துக் கரைசலில் வளர்த்து, ஒரு சாயத்தை ஊற்றி, "48 மணி நேரத்தில் 95 சதவீதம் நிறம் நீங்கியது" என்று முடிப்பது. இதைச் செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை. செய்தால் நான்கு கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். நிறம் போனது சிதைந்ததாலா, பாக்டீரியா உடம்பில் ஒட்டிக்கொண்டதாலா? அசோ சாயத்தின் பிணைப்பு உடைந்தால் அரோமேட்டிக் அமீன்கள் உருவாகுமே, சில சாயத்தைவிடக் கொடியவை, அவை எங்கே போயின? உண்மையான சாயக் கழிவில் இருக்கும் உப்பில் உங்கள் பாக்டீரியா பிழைக்குமா? பிராத் கொடுத்து வளர்த்த செல்லப்பிள்ளை, ஆயிரம் இனங்கள் அடித்துக்கொள்ளும் தொட்டியில் எத்தனை நாள் தாங்கும்? கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலான 'சூப்பர் பக்' ஆய்வுகள் படுத்துவிடுகின்றன.

திருப்பூரில் உண்மையான சிக்கல் நிறம் அல்ல, உப்பு. சாயக் கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டைத் தொடர்ந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு வந்தால்தான் மறுபடி திறக்கலாம் என்றானது. அதனால் இன்று அங்கே பாக்டீரியா தொட்டிக்குப் பின்னால் மெம்பரேன் சவ்வு வழியே உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ., அதில் மிஞ்சும் உப்பு நீரான ரிஜெக்டைக் கொதிக்கவைக்கும் எவாப்பரேட்டர் என்று நீண்ட வரிசை நிற்கிறது. ஆர்.ஓ. மெம்பரேன் மேல் படியும் பாக்டீரியாப் படலத்தை (பயோஃபிலிம்) எப்படிக் குறைப்பது, உப்பு கூடிய நீரில் நைட்ரஜனை எப்படி நீக்குவது, கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது, இவையெல்லாம் காசு கொடுத்துக் கேட்க ஆள் இருக்கும் கேள்விகள். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 45 மில்லியன் லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்தப்படுத்தித் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் ஆலைகள் உள்ளன. அங்கும் மெம்பரேன்தான் தலைவலி.

பயோடெக்காரர்கள் வெறுக்கும் ஒன்றைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள்: உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்ற பொருள் சமன்பாடு. நெதர்லாந்தின் டெல்ஃப்டில் ஓர் ஈஸ்ட் தொழிற்சாலையின் சோதனைக் கலனில், காற்றே இல்லாத இடத்தில் அம்மோனியா காணாமல் போனது. கணக்கு இடிக்கிறதே என்று துருவிய முல்டரும் கூட்டாளிகளும் 1995-இல் அதை வெளியிட்டார்கள். அப்படி ஒரு பாக்டீரியா இருக்க வேண்டும் என்று 1977-லேயே புரோடா என்ற வேதியியலாளர் வெறும் வெப்ப இயக்கவியல் கணக்கை வைத்துச் சொல்லியிருந்தார். காற்றில்லாமலே அம்மோனியாவை நைட்ரஜன் வாயுவாக்கும் அந்த வேலைதான் அனமாக்ஸ். 2002-இல் ராட்டர்டாமில் முழு அளவு ஆலையே ஓடத் தொடங்கியது. கணக்கு இடித்தபோது 'சோதனைப் பிழை' என்று விட்டிருந்தால் அவ்வளவுதான். சிவில், கெமிக்கல் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு மறுபக்கப் பாடம்: டிஎன்ஏ பிரித்தெடுப்பதும், எந்தெந்தப் பாக்டீரியா இருக்கிறது என்று காட்டும் 16எஸ் மரபணுத் தரவைப் படிப்பதும். ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழி கொஞ்சம் தெரிந்தால் போதும், பொதுவில் கிடக்கும் தரவை வைத்தே பழகலாம்.

ஐந்தாம் படி: தேர்வுகளும் இடங்களும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கேட் தேர்வில் பயோடெக்னாலஜி தாளும் இருக்கிறது, 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல்–பொறியியல் தாளும் இருக்கிறது. எம்.டெக் போக இவை. எம்.எஸ்சி பயோடெக் இடங்கள் பலவற்றுக்கு கேட்-பி என்று தனித் தேர்வு. பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் குழப்பிக்கொள்ளாதீர்கள். முனைவர் பட்டத்துக்கு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. இதிலும் ஒரு குழப்பம்: உயிர் அறிவியல் சிஎஸ்ஐஆர் நெட்டில் வரும், சுற்றுச்சூழல் அறிவியல் யூஜிசி நெட்டில் வரும். தகுதி இருந்தால் இரண்டும் எழுதுங்கள். ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரி முதல் அமலான விகிதப்படி முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி.

இடங்கள்: நாக்பூரில் தலைமையகமும் சென்னையில் ஒரு மையமும் கொண்ட நீரி (தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம்), தோல் கழிவுநீர் என்றால் அடையாறு சிஎல்ஆர்ஐ (மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம்), கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் ஆய்வு மையம், ஐஐடி மெட்ராஸ் சிவில் துறையின் சுற்றுச்சூழல் பிரிவு, திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் உயிர்த்தொழில்நுட்பம் என்ற பெயரிலேயே ஒரு துறை. வெளிநாடு என்றால் டெல்ஃப்ட், வாகனிங்கன் (இரண்டும் நெதர்லாந்துப் பல்கலைக்கழக ஊர்கள்), சுவிட்சர்லாந்தின் நீர் ஆய்வு நிறுவனமான ஈவாக். நெதர்லாந்தில் பிஎச்டி என்பது பெரும்பாலும் சம்பள வேலை. விளம்பரம் வரும், விண்ணப்பிக்க வேண்டும்.

நெட் கிடைக்காவிட்டால் உலகம் முடிந்துவிடாது. என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திலோ, ஆலை நடத்தும் நிறுவனத்திலோ இரண்டு வருடம் வேலை பாருங்கள். அந்த இரண்டு வருடத்தைப் பிஎச்டி நேர்முகத்தில் யாரும் வீண் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆறாம் படி: பேராசிரியருக்குக் கடிதம்

"மதிப்பிற்குரிய ஐயா, நான் சுற்றுச்சூழலில் மிகுந்த ஆர்வம் கொண்டவன், தங்கள் மேலான ஆய்வகத்தில்..." என்று தொடங்கும் கடிதம் ஒரு நாளைக்குப் பத்து வரும். ஒரே கடிதம், பெயர் மட்டும் மாற்றியது. சில சமயம் பெயர்கூட மாறியிருக்காது; பக்கத்து அறைக்காரரின் பெயரில் எனக்கே வந்திருக்கிறது.

மாறாக இப்படி எழுதுங்கள்: "உங்கள் கட்டுரையில் ஸ்லட்ஜ் வயது 8 நாளில் நைட்ரேட்டாக்கம் நின்றது என்று பார்த்தேன். நான் 5 லிட்டர் வாளியில் இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்தேன், எனக்கு 6 நாள் வரை ஓடியது; எங்கள் ஊர் வெப்பநிலை 32 டிகிரி. அதுதான் காரணமா என்று தெரிந்துகொள்ள ஆசை. இணைப்பில் என் தரவு." ஐந்து வரி, ஒரு வரைபடம், மதிப்பெண் பட்டியல். இந்தக் கடிதத்துக்குப் பதில் போடாத ஆளிடம் சேராமல் இருப்பதே நல்லது.

இரண்டு வாரம் பொறுத்து ஒரே ஒரு தடவை நினைவூட்டுங்கள். அதுவரை தினமும் எஸ்வி30 எடுத்துக் குறித்துக்கொண்டே வாருங்கள். நேர்முகத்தில், "நேற்று எவ்வளவு?" என்று கேட்டாலும் கேட்பார்கள்.